பொம்மைக் குதிரைக்கு எந்தப் பெயின்ற் வாங்குவது என்று கேட்ட தம்பிக்கு

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மாமா ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். அதற்குள் 1/72 அளவில், அதாவது உண்மையில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் கவசக் குதிரைப்படை, பன்னிரண்டு குதிரையும் பன்னிரண்டு ஆட்களும். இரண்டு வாரம் இருந்து பூசியும் குதிரைகள் எல்லாம் சொக்லேட்டில் செய்தது போல ஒரே மாதிரி இருக்கின்றனவாம். கால் பக்கத்தில் பெயின்ற் தோல் தோலாக உரிகிறதாம். எந்தக் கம்பனிப் பெயின்ற் வாங்கினால் சரிவரும், அப்புறம் இதே குதிரைகளை வைத்து, வன்னியில் ஆங்கிலேயரை எதிர்த்த பண்டாரவன்னியனின் படையும் செய்யலாமா என்பது கேள்வி.

தம்பி, நீங்கள் கம்பனிப் பெயரைக் கேட்டாலும் உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு வேறு கரைச்சல். உரிவது பிளாஸ்ரிக்கால் வருகிறது. சொக்லேட் போலத் தெரிவது வெளிச்சத்தால் வருகிறது. இரண்டுக்கும் மருந்து பெயின்ற் போத்தலில் இல்லை. கையில் இருக்கும், தண்ணீர் கலந்து பூசுகிற அக்ரிலிக் பெயின்றே போதும், புதிதாக வாங்க வேண்டியது ஒன்றிரண்டுதான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கிளிநொச்சிப் பக்கம் பெயர்ப்பலகை எழுதுவதும் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுவதும் என் தொழில். பெரியப்பாவிடம் பழகியது. இந்தச் சின்னப் படைகளைப் பூசத் தொடங்கிப் பதினொரு வருடம் ஆகிறது. பெரும்பாலும் 1/72, கொஞ்சம் ஆள் உயரம் 28 மில்லிமீற்றர் வரும் உருவங்கள். பழைய கதவுப் பலகை ஒன்றை மேசையாக்கி ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேர் இந்தப் படைகளை வைத்துப் போர் விளையாடுகிறோம். காற்றால் நிறம் தெளிக்கும் எயார்பிரஷ் நான் பிடித்ததே இல்லை, ஆகவே அதைப் பற்றி இங்கே எதுவும் எழுதவில்லை. கீழே சொல்வதில் சில எல்லாரும் ஒத்துக்கொண்டவை, சில என் கைப்பழக்கம். எது எது என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் உரிகிற கதை, ஏனென்றால் அது சுலபம். 1/72 பெட்டிகளில் வரும் படைகளில் பெரும்பங்கு பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். அதன் மேற்பரப்பில் எதுவும் இலகுவில் ஒட்டாது, கடையில் வாங்கும் பொலித்தீன் பையில் பசை நிற்காதது போலத்தான். போதாக்குறைக்கு, அச்சிலிருந்து இலகுவாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை கொஞ்சம் மேலே இருக்கக்கூடும். குதிரையின் கால் மெல்லியது, கை பட்டவுடன் வளைகிறது, வளைந்த இடத்தில் பூச்சு வெடிக்கிறது. உங்களுக்குக் காலில் உரிந்து முதுகில் உரியாததற்குக் காரணம் இதுதான். செய்ய வேண்டியது இவ்வளவே: இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவி ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு வெள்ளைப் பசை இருக்கிறதே, மரவேலைக்காரர் பாவிக்கும் பி.வி.ஏ., அதைத் தண்ணீர் கலந்து மெல்லிதாக முழு உருவத்துக்கும் பூசுங்கள். காய்ந்ததும் அது ஒரு தோல் போல உருவத்தைச் சுற்றி இறுகும், வளைந்தால் தானும் சேர்ந்து வளையும். அதற்கு மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதற்கு மேல் நிறம். வேலை முடிந்தபின் வார்னிஷ். கழுவுவது கட்டாயம், இதில் இரண்டு பேச்சில்லை. பசைப் பூச்சு எனக்குப் பலன் தந்தது, ஆனால் நல்ல பிரைமர் கிடைத்தால் அது தேவையில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. கட்டிப் பிளாஸ்ரிக்கிலோ வெள்ளீய வார்ப்பிலோ வரும் உருவங்களுக்கு இந்தப் பசை வேலை வேண்டாம். பழைய வார்ப்பு உருவங்களில் ஈயம் கலந்திருக்கும், அவற்றைச் சுரண்டினால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

இனிச் சொக்லேட். நான் பழகிய காலத்தில் ஒரு கோயிலில் வேட்டைத் திருவிழாவுக்குக் குதிரை வாகனம் பூசிக்கொண்டிருந்தோம். கழுத்துத் தசைக்குக் கீழே பெரியப்பா கரும் பழுப்பில் பட்டையாக ஒரு கோடு இழுத்தார். கிட்ட நின்று பார்த்தால் சேறு அப்பியது போல இருந்தது. "அசிங்கமா இருக்கு" என்றேன். "வாசலில போய் நின்று பார்" என்றார். போய்ப் பார்த்தேன், குதிரை கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது. கிட்ட நின்று பார்க்கிறவன் பூசுகிறவன் ஒருவன்தான், மற்றச் சனமெல்லாம் தூரத்தில் நின்றுதான் கும்பிடுகிறது என்பது அவர் கணக்கு. உங்கள் குதிரைக்கும் அதே கணக்கு. விளையாடுகிறவர் அதை ஒரு முழம், ஒன்றரை முழம் தள்ளித்தான் பார்க்கிறார். அந்தத் தூரத்தில் இரண்டு சென்ரிமீற்றர் உயரமுள்ள குதிரை ஒன்று, ஊரில் நூறு அடிக்கு அப்பால் நிற்கிற குதிரை அளவுதான் கண்ணுக்குத் தெரியும்.

உண்மைக் குதிரை வெயிலில் நின்றால் முதுகில் வெளிச்சம் விழும், வயிற்றுக்குக் கீழே ஒரு முழ இருட்டு இருக்கும், தோளுக்கும் நெஞ்சுக்கும் இடையில் பள்ளம் தெரியும். சின்ன உருவத்தில் அந்தப் பள்ளம் அரை மில்லிமீற்றர்கூட வராது. மேசை விளக்கின் வெளிச்சம் எல்லாப் பக்கமும் புகுந்து நிழலைத் தின்றுவிடும். ஆகவே வெளிச்சமும் நிழலும் தானாக வராது, நாம்தான் பூச வேண்டும். ஒரே பழுப்பை எவ்வளவு அழகாகப் பூசினாலும் அது பழுப்புப் பிளாஸ்ரிக்காகவே தெரியும். இன்னொன்று, சின்னப் பரப்பில் எந்த நிறமும் உண்மையைவிடக் கடுமையாகத் தெரியும். குதிரைப் படத்தைப் பார்த்து அதே பழுப்பைக் கலந்தால் உருவத்தில் அது கறுப்புக்குக் கிட்டப் போய்விடும். ஒரு படி வெளிறச் செய்துதான் தொடங்க வேண்டும்.

நிறங்களுக்கு வருவோம். நாங்கள் மாடு பார்த்து வளர்ந்த ஆட்கள், அதனால் மாட்டுக் கணக்கிலேயே சொல்கிறேன். குதிரையில் அதிகம் காண்பது 'பே' என்ற நிறம்: உடம்பு பழுப்பு, ஆனால் பிடரி மயிர், வால், முழங்காலுக்குக் கீழே எல்லாம் கறுப்பு. அடுத்தது 'செஸ்ட்நட்', எங்கள் ஊர்ச் சிவலை மாடு போல. உடம்பு செம்பழுப்பு, பிடரியும் வாலும் அதே நிறம் அல்லது அதைவிட வெளிறல், கறுப்பு வரவே வராது. புதிதாகப் பூசுகிறவர்கள் பிழை விடுவது இந்த இடத்தில்தான். சிவலைக் குதிரைக்குக் கறுப்பு வால் வைத்துவிடுவார்கள். குதிரை தெரிந்தவருக்கு அது பசுவுக்குப் பிடரி முளைத்தது போலத் தெரியும். கறுப்புக் குதிரைக்குச் சுத்தக் கறுப்பைப் பூசாதீர்கள், கரும் பழுப்போ நீலச் சாம்பலோ கொஞ்சம் கலந்தால்தான் தசை தெரியும். பிறகு சாம்பல் குதிரை, மயிலைக் காளை மாதிரி. வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான். குட்டியில் கருமையாகப் பிறந்து வருடம் போகப் போக வெளுக்கும். மயிர்தான் வெளுக்கிறது, தோல் கறுப்பாகவே இருக்கும். அதனால் மூக்கு நுனியிலும் கண்ணைச் சுற்றியும் கருஞ்சாம்பல் வைக்க வேண்டும். அந்த இரண்டு இடமும் இல்லாத வெள்ளைக் குதிரை சுண்ணாம்பில் செய்தது போல இருக்கும். பன்னிரண்டில் ஐந்து பே, நான்கு சிவலை, இரண்டு கரும்பழுப்பு, ஒரு சாம்பல் என்று பிரித்தாலே சொக்லேட் பாதி போய்விடும். இந்தப் பங்கு என் கண் அளவு, எந்தப் பதிவேட்டிலிருந்தும் எடுத்ததல்ல.

வெள்ளை அடையாளங்களைக் கடைசியில் வையுங்கள். நெற்றியில் ஒரு பொட்டு, அல்லது நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு கோடு, ஒரு காலில் அல்லது இரண்டு காலில் காலுறை போட்டது மாதிரி. நாலு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் அது பஞ்சகல்யாணி, பழைய கதைகளில் ராசாக்கள் ஏறுகிற குதிரை. ஒரு படையில் ஒன்றுக்கு மேல் அது வேண்டாம், தளபதிக்கு வையுங்கள். வெள்ளைக் காலில் குளம்பு பெரும்பாலும் வெளிறல் கொம்பு நிறம், கறுத்த காலில் கறுத்த குளம்பு. ஒரு புள்ளி அளவு வேலைதான், ஆனால் கண் அதைக் கவனிக்கும்.

இனிப் பூசும் முறை. நீர்த்த கருநிறத்தைப் பள்ளங்களில் ஓடவிடும் வோஷ், காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் நிறம் தேய்க்கும் டிறை பிரஷ் என்று பல வழி இருக்கிறது. தம்பிக்கு நான் சொல்வது எண்ணெய் வர்ணம் பூசித் துடைக்கும் வழி. சின்னப் படை பூசுகிறவர்கள் பல நாடுகளில் நெடுங்காலமாகச் செய்வது, என் கண்டுபிடிப்பு இல்லை. முதலில் குதிரை முழுவதும் அக்ரிலிக்கில் ஒரு வெளிறல் நிறம். பே வேண்டுமானால் மங்கிய செம்மஞ்சள், சிவலைக்கு ஓட்டு நிறம், சாம்பலுக்கு வெண்சாம்பல். பார்க்கப் பயமாக இருக்கும், பரவாயில்லை. ஒரு நாள் காயட்டும். பிறகு ஓவியர்கள் பாவிக்கும் ரியூப் எண்ணெய் வர்ணத்தில் பேர்ன்ற் அம்பர் என்ற கரும் பழுப்பை எடுத்து, எதுவும் கலக்காமல், மெல்லிதாக உடம்பெல்லாம் தேய்த்துப் பூசுங்கள். சிவலைக்குப் பேர்ன்ற் சியன்னா என்ற செம்பழுப்பு. பத்து நிமிடம் விட்டு, பழைய பருத்தி வேட்டித் துண்டால் மெதுவாகத் துடையுங்கள். முதுகு, புட்டம், தோள், கழுத்தின் மேல்வரம்பு, இவற்றில் நன்றாக. வயிற்றுக்குக் கீழேயும் தசைப் பள்ளங்களிலும் துணியைக் கொண்டுபோகவே வேண்டாம். துடைத்த இடத்தில் கீழ்நிறம் மினுங்கும், பள்ளத்தில் கருமை தங்கும், இடையில் ஒரு நிறம் இன்னொன்றில் கரையும். அக்ரிலிக்கில் ஐந்து படியாகக் கலந்தும் எனக்குக் கிடைக்காத அந்தக் கரைவு இதில் ஒரே துடைப்பில் வருகிறது. அன்று நான் பெரியப்பாவை நினைத்தேன், அவர் இதைப் பார்த்திருந்தால் வாகனத்துக்கும் செய்து பார்த்திருப்பார்.

ஒரு ரியூப் வாங்கினால் நூற்றுக்கணக்கான குதிரைக்குப் போதும். காய நாள் எடுக்கும் என்பதுதான் குறை. அம்பரில் இயல்பாகவே மங்கனீசு இருப்பதால் எண்ணெய் வர்ணங்களில் அது சீக்கிரம் காய்கிற வகை, எங்கள் வெயில் காலத்தில் மூன்று நான்கு நாளில் கை வைக்கலாம். வெள்ளை எண்ணெய் வர்ணம் அப்படியல்ல, வாரக்கணக்கில் இழுக்கும், அதனால் வெள்ளை அடையாளங்களை அக்ரிலிக்கிலேயே வையுங்கள். காயும்வரை ஒரு பெட்டியால் மூடிவையுங்கள். சோழகம் வீசும் மாதங்களில் ஏ9 வீதிப் புழுதி முழுவதும் குதிரை முதுகில்தான் வந்து உட்காரும். எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் எறியாதீர்கள், காயும்போது சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்து வெளியே காயப்போடுங்கள்.

ஆளைக் குதிரையிலிருந்து பிரித்துப் பூசிவிட்டு ஏற்றுவது நல்லது, இல்லாவிட்டால் சேணத்துக்குள் பிரஷ் போகாது. பிரெஞ்சுக் கவசப் படைக்குக் கருநீலச் சட்டை, உருக்குக் கவசம், தலைக்கவசத்தின் பின்னால் தொங்கும் கறுப்புக் குதிரை மயிர், சேணத்தின் மேல் வெள்ளை ஆட்டுத்தோல். கழுத்துப் பட்டியிலும் கைமுனையிலும் இருக்கும் நிறம்தான் எந்த ரெஜிமென்ற் என்று சொல்லும், அதைப் பெட்டியின் பின்படத்தில் பாருங்கள். கவசத்துக்கு நேரே வெள்ளி நிறம் பூசினால் சிகரெட் பெட்டிக் கடுதாசி போல இருக்கும். முதலில் கருஞ்சாம்பல், அதன் மேல் உருக்கு நிறம், பிறகு மேல் விளிம்பில் மட்டும் வெள்ளி. முகத்தில் கண் வரைய வேண்டாம். அந்தத் தூரத்தில் கண் தெரியாது, கண்ணுக்கு மேலே ஒரு நிழல் போதும். கண் வரைந்தால் எல்லா வீரரும் பேயைக் கண்டது போல முழிப்பார்கள்.

குதிரை நிறத்துக்குப் படையில் சட்டம் இருந்ததா என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள். சில படைகளில் உறுதியாக இருந்தது. ஸ்கொட்ஸ் கிறேஸ் என்ற பிரித்தானியப் படையின் பெயரே அதன் சாம்பல் குதிரைகளால் வந்தது. நெப்போலியனின் காவற்படையில் குதிரைக் கிரனேடியர்கள் என்ற பிரிவினர் கறுப்புக் குதிரை ஏறினார்கள். ஊதுகொம்புக்காரருக்குச் சாம்பல் குதிரை கொடுப்பது பல நாடுகளில் வழக்கம், புகைக்குள்ளும் தளபதி அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமே. மற்றப்படி, கடுதாசியில் எழுதியது ஒன்று, களத்தில் நின்றது இன்னொன்று. 1812இல் ரஷ்யாவுக்குப் போன நெப்போலியனின் படை குதிரைகளில் மிகப் பெரும்பங்கை இழந்தது. அடுத்த வருடம் லுட்சென், பவுட்சென் என்ற இரண்டு சண்டைகளிலும் வென்றும், துரத்திப் பிடிக்கக் குதிரைப்படை போதவில்லை. அப்படி ஒரு நேரத்தில் கிடைத்த குதிரைக்குச் சேணம் கட்டியிருப்பார்களே தவிர நிறம் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். ஆகவே உங்கள் படை 1809ஆ 1813ஆ என்று முதலில் முடிவு செய்யுங்கள், கலப்பு நிறத்துக்குத் துணிவு தானாக வரும். 1815 ஜூன் 18 வாட்டர்லூ என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. முதல் நாள் கடும் மழை, வயலெல்லாம் சேறு. வயிறுவரை சேறு தெறித்த குதிரைதான் அங்கே சரி. அந்தச் சேற்றுக்கு மங்கிய பழுப்பை எடுங்கள், எங்கள் வீதிக்கரைச் செம்மண் நிறத்தைக் கொண்டுபோய் பெல்ஜியத்தில் கொட்டாதீர்கள்.

உயிருள்ள குதிரை பார்க்க வேண்டுமானால் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போங்கள். அங்கே கட்டாக்காலியாகத் திரிபவை போர்த்துக்கேய, ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்பது தெரிந்த கதை. ஐரோப்பியப் படைக்குதிரையைவிட அவை சிறியவை, ஆகவே உடல் அளவை அங்கே எடுக்காதீர்கள். வெயில் முதுகில் எப்படி விழுகிறது, முழங்காலில் பழுப்பு எந்த இடத்தில் கறுப்பாக மாறுகிறது, இந்த இரண்டையும் பாருங்கள். நான் ஒரு முறை போய் நாற்பது படம் எடுத்து வந்தேன், அவற்றில் முப்பதை இன்னும் பாவிக்கிறேன்.

பண்டாரவன்னியன் விடயம். தெரிந்தது இது: 1803 ஓகஸ்ட் 25 முல்லைத்தீவுக் கோட்டைத் தாக்குதல், அதே வருடம் ஒக்ரோபர் 31 கற்சிலைமடுவில் தோல்வி. அங்கே நாட்டப்பட்ட பழைய கல், ஆங்கிலேயப் படையின் கப்ரன் வொன் டிரிபேர்க் இந்தப் பக்கத்தில் அவரைத் தோற்கடித்தார் என்று நாளோடு சொன்னது. தோற்கடித்தார் என்றுதான் இருந்தது, கொன்றார் என்று இல்லை, கவனியுங்கள். உடுப்பின் நிறத்தையோ குதிரையையோ பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. காட்டுக்குள் நடக்கும் சண்டை காலாட்களின் சண்டை. பன்னிரண்டு கவசக் குதிரை வரிசையில் பாய்வதற்கு வெட்டவெளி வேண்டும், கற்சிலைமடு இருக்கிற ஒட்டுசுட்டான் காட்டில் அது எங்கே? இன்னொன்று, உங்கள் குதிரைகளில் சேணமும் ஆட்டுத்தோலும் சேர்த்தே வார்த்திருக்கிறது. பொலித்தீனை அரத்தால் ராவினால் நார் நாராகக் கிளம்பும், செதுக்கி மாற்றுவது பெரும்பாடு. ஆகவே குதிரைப்படை வேண்டாம். தலைவருக்கு மட்டும் ஒரு குதிரை வைக்க ஆசை என்றால் வைக்கலாம். இதைவிடச் சின்ன உருவமாக, நெடுந்தீவுக் குதிரை அளவில் ஒன்று தேடுங்கள், அடித்தட்டின் கீழே 'கற்பனை' என்று எழுதிவிடுங்கள். என் மேசையில் இருக்கும் சில உருவங்களில் நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

மிச்சம் சில்லறை விடயங்கள். பிரஷ் சின்னதாக இருக்க வேண்டியதில்லை, நுனி கூராக இருக்க வேண்டும். இரண்டாம் இலக்கத்தில் நல்ல மயிர்ப் பிரஷ் ஒன்று போதும். வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துபோனால், சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைத்து அதன் மேல் பேக்கிங் கடுதாசி விரித்து நிறம் கலவுங்கள், மூடிவைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். எங்கள் வீட்டுக் கிணறு உவர், அந்தத் தண்ணீரில் கலந்தால் காய்ந்தபின் வெள்ளைப் படிவு தெரிகிறது, அதனால் போத்தல் தண்ணீர் பாவிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரே வார்னிஷ் அடிக்காதீர்கள். ஒரு மழை நாளில் விறாந்தையில் வைத்து அடித்து, ஆறு குதிரை கண் முன்னாலேயே வெண்புகை பிடித்தது போல ஆகிவிட்டன. ஈரக் காற்றில் அப்படித்தான் வரும். அவசரமென்றால் பிரஷ்ஷால் பூசும் வார்னிஷ் எடுங்கள்.

இப்போது பூசி வைத்திருக்கும் பன்னிரண்டையும் எறிய வேண்டாம். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் விட்டு ஊறவைத்தால் அக்ரிலிக் இளகும், பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழற்றலாம். நெருப்புக்குக் கிட்ட வைக்காதீர்கள். முதலில் ஒரு குதிரையை மட்டும் ஊறவையுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்து, கால் வளைந்து நிமிர்கிறதா, பிளாஸ்ரிக் பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் மற்றப் பதினொன்றையும் போடுங்கள்.